எளாவூர் சத்யா தேடிக் கொடுத்த சொற்கள்

எளாவூர் செக்போஸ்ட்டில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்துக்குப் பின்னால் ஒரு தெரு உண்டு. அந்தத் தெருவில் முதன்முதலில் பட்டம் வாங்கியவள் சத்யா. பொன்னேரியில் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் சயின்ஸ். 2006-இல் படிப்பு முடிந்ததும் கூடப் படித்தவர்கள் சிலர் சென்னைக்குப் போய் ஹாஸ்டலில் தங்கி வேலை தேடினார்கள். இவளை அப்படி அனுப்ப வீட்டில் மனம் வரவில்லை. ஒரே பெண். அப்பா ஏழுமலை லாரி யார்டு ஒன்றில் வாட்ச்மேன். அம்மா சம்பூர்ணம் நெடுஞ்சாலை ஓரத்தில் டிரைவர்களுக்கு நாஷ்டா விற்றுக்கொண்டிருந்தாள். கும்மிடிப்பூண்டி பஜாரில் புதிதாக ஒரு கம்ப்யூட்டர் ஆபீஸ் திறந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, ஏழுமலையே அவளைக் கூட்டிக்கொண்டு போனார். அவளை மேலே அனுப்பிவிட்டு, இண்டர்வியூ முடியும்வரை எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருந்தார்.

ஆபீஸ் என்பது டயர் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. அதை நடத்தியவர் அர்ஷத். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. அவருடைய அப்பா நண்டும் இறாலும் வாங்கிச் சென்னைக்கு ஏற்றி அனுப்புகிறவர். அந்தத் தொழில் பிடிக்காமல் அர்ஷத் சென்னையில் சில வருடம் வேலை பார்த்துக் கற்றுக்கொண்டு, வாடகை குறைவு என்று கும்மிடிப்பூண்டிக்கு வந்து கடை போட்டிருந்தார்.

"புரோகிராம் எழுதற வேலன்னு நெனச்சிக்கினு வந்தியா? அதெல்லாம் இங்க கெடையாது" என்றார் முதல் நாளே. "நமக்கு வேல வார்த்த பொறுக்கறது. அவ்ளோதான்."

வெளிநாட்டில் ஒருவன் ஏதோ ஒன்று வேண்டுமென்று சர்ச் இன்ஜினில் தட்டுகிறான். அவன் என்ன சொல்லைத் தட்டுகிறான் என்று தெரிந்துவிட்டால், அதே சொல்லை வைத்துப் பக்கம் எழுதி, அவன் கண்ணில் முதலில் படும்படி செய்யலாம். எதைத் தட்டுகிறார்கள் என்று காட்டுவதற்கென்றே கருவிகள் இருந்தன. அதில் ஒரு சொல்லைப் போட்டால், அதை ஒட்டி ஜனங்கள் தேடியவையெல்லாம் கொத்துக் கொத்தாக வந்து விழும். எதை நிறையப் பேர் தேடுகிறார்கள், எதற்குப் போட்டி குறைவு என்று பார்த்துப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அதுதான் சத்யாவின் வேலை. பக்கத்து நாற்காலியில் பர்ஹானா. பழவேற்காட்டுப் பெண், அர்ஷத்துக்குத் தூரத்து உறவு. சத்யா பொறுக்கிய சொற்களை வைத்து அவள் பக்கங்கள் எழுதுவாள்.

முதலில் கிடைத்தது அமெரிக்காவில் டைல்ஸ் விற்கிற ஒரு கடை. அந்தக் கடைக்காரன் தன் சரக்குக்கு என்னென்னவோ பெரிய பெயர்கள் வைத்திருந்தான். அந்தப் பெயர்களை ஒருவரும் தேடவில்லை. வயதானவர்கள் வழுக்காத பாத்ரூம் தரை வேண்டுமென்றுதான் தேடினார்கள். சத்யா அதைக் கண்டுபிடித்துக் கொடுத்தாள். சில மாதத்தில் அந்தக் கடை முதல் பக்கத்தில் வந்து நின்றது. அர்ஷத் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். வீட்டில் அப்பாவிடம் இதைச் சொன்னபோது, "வழுக்காத தரைக்கா பிரியாணி?" என்று அவர் சிரித்தார். ஆனால் மறுநாள் யார்டில் இருந்த டிரைவர்களிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

2007-இல் டெக்ஸாஸில் இருந்த ஓர் ஏஜென்ட் மூலமாகப் பெரிய வேலை வந்தது. ஒரு வக்கீல் கம்பெனிக்காகச் சொல் தேட வேண்டும். தலைச்சொல்லை அர்ஷத் ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். மீசோதீலியோமா. சத்யாவுக்கு அதை வாசிக்கவே வரவில்லை.

"இன்னா சார் இது?"

"ஏதோ நோய். அது வந்தவங்க வேல செஞ்ச கம்பெனி மேல கேஸ் போடுவாங்களாம். பெரிய நஷ்டஈடு. அதனால அந்த ஆளுங்கள புடிக்கறதுக்கு வக்கீலுங்க அடிச்சிக்கறானுங்க. இன்டர்நெட்லயே இந்த வார்த்தைக்குத்தான் ரேட்டு ஜாஸ்தின்றாங்க."

"எப்டி வருது அந்த நோய்?"

"அது நமக்கெதுக்கு? வார்த்தய பாரு."

அவள் வார்த்தையைப் பார்த்தாள். அதுவரை எல்லோரும் பயன்படுத்திய இலவசக் கருவி ஒன்று அந்த வருடம் நின்றுபோயிருந்தது. கூகுளின் கருவி அப்போது எண் காட்டாது. தேடுகிறவர்கள் எத்தனை பேர் என்பதைப் பச்சைப் பட்டையாகத்தான் காட்டும். பட்டை நிறைந்திருந்தால் கூட்டம் அதிகம். நிறைந்த பட்டைகளையெல்லாம் பெரிய வக்கீல்கள் பிடித்துவைத்திருந்தார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு ஓரங்களில்தான் இடம். அந்த ஓரங்களைத் தேடுவதில் சத்யா கெட்டிக்காரியாகிவிட்டாள்.

முக்கியமான ஓரம் எழுத்துப் பிழை. அந்த நோயின் பெயரை ஒழுங்காக எழுதத் தெரிந்தவர்கள் அமெரிக்காவிலும் குறைவு. மிசோதிலோமா, மெசாதிலியாமா, மெத்தோசிலியோமா என்று விதவிதமாகத் தட்டினார்கள். தப்பாக எழுதிய சொல்லுக்குப் போட்டி குறைவு. அப்படிப்பட்ட பிழைகளைப் பக்கம் பக்கமாகச் சேர்த்தாள் சத்யா. மதியச் சாப்பாட்டுக்கு டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டு, அன்றைக்குக் கிடைத்த பிழைகளை ஒவ்வொன்றாக வாசிப்பாள். பர்ஹானா சிரித்துச் சிரித்துப் புரையேறித் தண்ணீர் குடிப்பாள்.

ஒரு நாள் ஒரு முழு வாக்கியமே வந்து விழுந்தது. புருஷனின் வேலைத் துணியைத் துவைத்த மனைவிக்கும் இது வருமா என்று யாரோ தட்டியிருந்தார்கள்.

சத்யா அதை வாசித்துக் காட்டவில்லை. என்ன துணி, என்ன வேலை என்று முதல்முறையாக அந்த நோயைப் பற்றி உட்கார்ந்து படித்தாள். ஆஸ்பெஸ்டாஸ். அந்தச் சொல் பட்டியலில் ஆயிரம் முறை வந்திருந்தது. கட்டட வேலை சம்பந்தப்பட்ட ஏதோ ஒன்று என்று கடந்து போயிருந்தாள். அவர்கள் வீட்டுக் கூரை அது. அந்தக் கூரை ஷீட்டைச் செய்த ஆலையில்தான் ஏழுமலை இருபது வயதில் சேர்ந்து, அது மூடப்படும்வரை வேலை பார்த்தார். சிப்காட்டுக்குள் இருந்தது அந்த ஆலை. மூடிப் பத்து வருடம் ஆகியிருந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் கேட்டாள்.

"நைனா, ஷீட் கம்பெனில நீ இன்னா வேல பண்ண?"

"மூட்ட பிரிக்கற வேல" என்றார் ஏழுமலை. "கப்பல்ல வரும். பஞ்சு மூட்டன்னுதான் சொல்லுவோம். அது கல்லுல இருந்து எடுக்கறது, ஆனா கையில எடுத்தா பூ மாதிரி இருக்கும். மூட்டைய கத்தியால கீறி மிஷின்ல கொட்டணும்."

"மூஞ்சிக்கு எதனா கட்டிக்கினியா?"

"துண்டு கட்டுவேன். வேர்த்துக் கொட்டும், அவுத்துடுவேன். ஷிப்டு முடிஞ்சி வெளிய வந்தா அத்தினி பேரும் கெழவனுங்க மாதிரி வெள்ள வெளேர்னு இருப்போம். உங்கம்மா என்ன ஊட்டுக்குள்ள உடமாட்டா. வாசல்ல நிக்க வெச்சி சட்டைய உதறுவா."

"உதறாம இன்னா பண்ணுவாங்க?" என்றாள் சம்பூர்ணம் அடுப்படியிலிருந்து. "துவைக்கப் போட்டா பக்கெட்டு தண்ணி பாலு மாதிரி ஆயிடும். சின்னதுல இவளுக்கு அந்த சட்டைய புடிச்சிக்கினாதான் தூக்கம் வரும். புடுங்கிப் புடுங்கி துவைப்பேன்."

இருவரும் சிரித்தார்கள். ஏழுமலை அப்போது நன்றாக இருந்தார். இரும்பு கேட்டை ஒற்றைக் கையால் தள்ளித் திறப்பார். தெருவில் யாருக்காவது அப்படி ஒரு நோய் வந்ததாக சத்யா கேள்விப்பட்டதே இல்லை. மறுநாள் ஆபீசில் அந்த நோயின் பெயரோடு இந்தியா என்று சேர்த்துப் போட்டுப் பார்த்தாள். பட்டை வெறுமையாக இருந்தது. சென்னை என்று சேர்த்தாள். தகவல் இல்லை என்று வந்தது. இங்கே அது இல்லை என்று நினைத்துக்கொண்டாள். நினைத்துக்கொள்ளப் பிடித்திருந்தது.

அதற்கடுத்த கோடையில் கூகுள் கருவி பச்சைப் பட்டையோடு எண்ணும் காட்டத் தொடங்கியது. அர்ஷத்துக்கு ஒரே கொண்டாட்டம். அதே சமயத்தில்தான் ஏழுமலைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது.

முதலில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. யார்டிலிருந்து வீட்டுக்கு நடந்து வரும்போது நடுவில் லாரி டயர் மேல் உட்கார்ந்துவிட்டு வருவார். "வயசாவுதில்ல?" என்பார். ஐம்பது தாண்டிச் சில வருடம்தான் ஆகியிருந்தது. அப்புறம் வலது பக்க விலாவில் வலி வந்தது. பஜாரில் இருந்த டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, நுரையீரலைச் சுற்றித் தண்ணீர் கோத்திருப்பதாகச் சொன்னார். ஊசி போட்டு இறக்கினார். டி.பி.யாகத்தான் இருக்கும், ஆறு மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும் என்றார்.

அந்தப் பக்கம் அப்படித் தண்ணீர் கோத்தவர்களுக்கு முக்கால்வாசி டி.பி.தான். டாக்டர் சொன்னதில் தப்பு காண எதுவும் இல்லை. சத்யா அதை நம்ப விரும்பினாள். டி.பி.யாக இருக்க வேண்டும் என்று எளாவூர் அம்மன் கோயிலில் விளக்குப் போட்டாள். அப்பாவுக்கு டி.பி. வர வேண்டும் என்று வேண்டிக்கொண்ட பெண் தான் ஒருத்தியாகத்தான் இருப்பாள் என்று பிறகு பர்ஹானாவிடம் சொன்னாள்.

ஏனென்றால் அவளுக்கு வரிசை தெரியும். அவளே பிரித்து அடுக்கியது அது. முதலில் மூச்சிரைப்பு என்று தேடுவார்கள். பிறகு விலாவில் வலி. பிறகு நுரையீரலில் தண்ணீர். இறக்கிய தண்ணீர் மறுபடி ஏன் சேர்கிறது என்பது அடுத்தது. அதற்குப் பிறகுதான் நோயின் பெயர் வரும், பிழையோடு. அதற்கும் அடுத்து, எத்தனை மாதம். இந்த வரிசையில் எந்தக் கட்டத்தில் தேடுகிறவர் வக்கீலைக் கூப்பிடுவார் என்று ஏஜென்டுக்குக் குறித்துக் கொடுத்ததும் அவள்தான்.

தீபாவளி கழிந்து ஏழுமலைக்குத் தண்ணீர் மறுபடி சேர்ந்தது.

அன்றைக்கு ஆபீசில் அவள் கீபோர்டு மேல் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள். பர்ஹானா இரண்டு தடவை கூப்பிட்டும் திரும்பவில்லை. பர்ஹானாதான் எழுந்து போய் அர்ஷத்தை அழைத்து வந்தாள். சத்யா எல்லாவற்றையும் சொன்னாள். ஷீட் கம்பெனி, பஞ்சு மூட்டை, தண்ணீர்.

"இன்னொரு டாக்டர்கிட்ட காட்லாம்" என்றார் அர்ஷத். "மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போ. லீவு பத்தி கவலப்படாத. நான் அந்த டெக்ஸாஸ்காரனுக்கு எழுதிப் பாக்கறேன். அவ்ளோ பெரிய வக்கீலுங்க, எதனா வழி சொல்லமாட்டாங்களா?"

அவர் மனதாரத்தான் எழுதினார். பதில் இரண்டு நாளில் வந்தது. கேட்கவே வருத்தமாக இருக்கிறது என்றும், அமெரிக்காவில் வேலை செய்தவர்களுக்கு மட்டுமே அந்த வக்கீல் கம்பெனியால் உதவ முடியும் என்றும் இருந்தது. கீழே, வெள்ளிக்கிழமைக்குள் புதுப் பட்டியல் வேண்டும், இந்த முறை அண்மையில் நோய் உறுதியானவர்கள் தேடும் சொற்களாகப் பார்த்து அனுப்பவும் என்று ஒரு வரி. அர்ஷத் அதைக் காட்ட வேண்டாம் என்றுதான் நினைத்தார். ஆனால் பட்டியலை அவள்தானே செய்ய வேண்டும்.

சென்னை ஆஸ்பத்திரிக்கு மின்சார ரயிலில் கூட்டிப்போனாள். ஒரு தடவையில் முடியவில்லை. ஸ்கேன், பிறகு சதை எடுத்துச் சோதனை, பிறகு முடிவுக்குக் காத்திருப்பு. கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் படி ஏறும்போது ஏழுமலை நடுவில் நின்று, "நீ முன்னால போயி எடம் புடி கண்ணு, நான் பின்னாலயே வர்றேன்" என்பார். அவள் போகாமல் அங்கேயே நிற்பாள். இருவரும் ஒரு ரயிலை விட்டுவிட்டு அடுத்ததில் போவார்கள்.

முடிவு வந்த அன்று டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டார். நோயின் பெயரை மெதுவாக, புரியும்படி சொல்ல முயன்றார். "கேள்விப்பட்டிருக்க மாட்டீங்கம்மா" என்றார். சத்யா தலையாட்டினாள். அப்பா எங்கே வேலை செய்தார் என்று அவர் கேட்டார். சொன்னதும், "அப்படியா" என்று எழுதிக்கொண்டார். மருந்து கொடுத்தால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், அப்பாவின் உடம்பு அதைத் தாங்குமா என்பது சந்தேகம் என்றார். அவளுக்குக் கேட்க எதுவும் இல்லை. எத்தனை மாதம் என்று மட்டும் கேட்கக் கூடாது என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். டாக்டரே சொன்னார்.

ரயிலில் திரும்பும்போது ஏழுமலை ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். மீஞ்சூர் தாண்டியதும் கேட்டார்.

"டாக்டரு இன்னா சொன்னாரு?"

"சளி கட்டிக்கினு இருக்குதாம். மாத்திர மாத்தி குடுத்துகிறாரு."

"உன் ஆபீஸ் பொட்டியில எதக் கேட்டாலும் பதில் வருமாமே. டிரைவருங்க சொல்றானுங்க. எனக்கு இன்னானு அதுல கேட்டுப் பாரேன்."

சத்யா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. "கேட்டேன் நைனா" என்றாள். "நல்லாயிடும்னுதான் போட்டுக்கிது."

"அப்போ சரி" என்றார் ஏழுமலை. அவர் நம்பினாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் கேட்கவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்யா யேசுதாஸைப் பார்க்கப் போனாள். ஷீட் கம்பெனியில் சங்கச் செயலாளராக இருந்தவர் அவர். இப்போது ரெட்டம்பேடு ரோட்டுப் பக்கம் மளிகைக் கடை வைத்திருந்தார். ஏழுமலையோடு மூட்டை பிரிக்கும் பகுதியில் இருந்தவர்களெல்லாம் எங்கே என்று அவள் கேட்டாள்.

"அந்த செக்‌ஷனா?" யேசுதாஸ் தராசைத் துடைத்தபடி யோசித்தார். "பச்சையப்பன் செத்துட்டான். டி.பி.ன்னாங்க. ஆசீர்வாதம் செத்தான், பீடி குடிச்சதுல நெஞ்சு வெந்துபோச்சின்னாங்க. மணவாளனுக்கு ஊரு ஆர்.கே.பேட்டை, இங்க முடியலன்னு அங்கயே போயி படுத்தான். அப்பால இன்னா ஆனான்னு தெரில. இப்ப உங்கப்பனும் நானும்தான்."

அப்பாவுக்கு வந்திருக்கும் நோயைப் பற்றி சத்யா சொன்னாள். அவர் கடையில் வேறு ஆள் இல்லையா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

"தோ பாரு கண்ணு. நீ சொல்றது நெஜமாவே இருக்கட்டும். யார் மேல கேஸ் போடுவ? மொதலாளி எப்பவோ வித்துட்டுப் போயிட்டான். வாங்கினவன் வேற எவனுக்கோ வித்துட்டான். கம்பெனி இருந்த எடத்துல இப்ப கண்டெய்னரு அடுக்கி வெச்சிக்கினு இருக்கானுங்க. நம்ம அங்க வேல பாத்தோம்ன்றதுக்கே இன்னா இருக்குது? அன்னிக்கி போனஸ் வாங்கித் தந்த சங்கம் இன்னிக்கி இல்ல."

"கேஸுக்கு இல்ல மாமா. நீங்களும் போயி ஒரு தபா எக்ஸ்ரே படம் எடுத்துப் பாத்துக்கோங்க."

அவர் முகம் மாறிவிட்டது. "என் பேர யாருகிட்டயும் சொல்லிவெக்காத" என்றார். "பொண்ண பாத்துட்டு போயிருக்காங்க. நோய்க்காரன் ஊடுன்னு பேராச்சின்னா பேஜாராயிடும். போயிட்டு வா கண்ணு. உங்கப்பன கேட்டேன்னு சொல்லு."

அவளுக்கு ஒரு கட்டு வெற்றிலையும் கொஞ்சம் பாக்கும் அப்பாவுக்கென்று பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

ஏழுமலை மாசி மாதம் இறந்தார். கடைசி வாரங்களில் படுக்க முடியாமல், சுவரோடு தலையணை வைத்துச் சாய்ந்தே இருந்தார். பேச மூச்சு போதவில்லை. லாரி டிரைவர்கள் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். உயிர் போகிற அன்று காலையில் சம்பூர்ணம் கடைக்கு இட்லி ஊற்றிக்கொண்டிருந்தாள். சத்யா அவர் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அவர் கையை உயர்த்தி மின்விசிறியைக் காட்டினார். அது சுற்றிக்கொண்டுதான் இருந்தது. இன்னும் வேகமாக வை என்கிறார் என்று நினைத்து அவள் எழுந்து போய் ரெகுலேட்டரைத் திருகினாள். திரும்பி வந்தபோது முடிந்திருந்தது.

காரியம் முடிந்து ஆபீசுக்குப் போனபோது அங்கே பாதி நாற்காலிகள் காலி. அமெரிக்காவில் வீடு வாங்குவது நின்றுபோய், டைல்ஸ் கடைக்காரன் போய்விட்டிருந்தான். அவர்கள் வேலை செய்து கொடுத்துவந்த கல்யாண உடுப்புக் கடை ஒன்றும் போயிருந்தது. மிச்சம் இருந்தது வக்கீல் கம்பெனி ஒன்றுதான்.

"நான் அத பாக்கறேன்டி, நீ பக்கம் எழுது" என்றாள் பர்ஹானா.

"நீ எழுதறதுக்கும் அதே வார்த்ததான?" என்றாள் சத்யா. தன் நாற்காலியிலேயே உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். முன்பெல்லாம் திரையில் சொற்களாக இருந்தவை இப்போது அப்படி இருக்கவில்லை. அப்பாவால் படுக்க முடியவில்லை என்ன செய்வது என்று ஒருவர் தேடியிருந்தார். யாரோ, எங்கோ. அதற்கு எதிரே எண்: மிகக் குறைவு. போட்டி: இல்லை. நல்ல சொல். அவள் அதைப் பட்டியலில் சேர்த்தாள்.

அம்மாவை எக்ஸ்ரே எடுக்கக் கூப்பிட்டாள். எதற்கு என்று கேட்டபோது மழுப்பிப் பார்த்தாள், முடியவில்லை, சட்டை துவைத்ததைச் சொல்லிவிட்டாள். சம்பூர்ணம் இட்லித் துணியைப் பிழிந்துகொண்டே கேட்டாள். "இருக்குதுன்னே வெச்சிக்கோ. தெரிஞ்சிக்கினு இன்னா பண்ணப் போற?" சம்பூர்ணம் போகவே இல்லை.

அந்தக் கோடையில் சத்யா தானே ஒரு பக்கம் எழுதினாள், தமிழில். சிப்காட் ஷீட் கம்பெனியில் மூட்டை பிரித்தவர்களுக்கு, அவர்கள் துணி துவைத்தவர்களுக்கு, மூச்சு வாங்கினால் டி.பி. மாத்திரையோடு விட்டுவிடாதீர்கள், எங்கே வேலை செய்தீர்கள் என்று டாக்டரிடம் சொல்லுங்கள் என்று. இலவசமாக இடம் கொடுக்கும் ஓர் அமெரிக்கத் தளத்தில் போட அர்ஷத் வழி செய்து கொடுத்தார். எழுதுவது எளிதாக இருந்தது. எந்தச் சொல்லை வைப்பது என்பதுதான் தெரியவில்லை. கருவியில் தமிழில் எதைப் போட்டாலும் ஒன்றும் வரவில்லை. இளைப்பு, மூச்சு வாங்குது, பஞ்சு கம்பெனி, எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தாள். பச்சையப்பனின் மனைவி எதைத் தட்டித் தேடுவாள்? அவள் வீட்டில் தட்டுவதற்கு என்ன இருக்கிறது? அது தெரிந்தும் சத்யா பக்கத்தைப் போட்டாள்.

வந்தவர் கணக்கில் வெகுநாள் அவளும் பர்ஹானாவும் மட்டும்தான் இருந்தார்கள். பிறகு ஒரு நாள் புதிதாக ஒருவர். சத்யா பர்ஹானாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். எதைத் தேடி வந்தார் என்று இருவரும் பார்த்தார்கள். சிமெண்ட் ஷீட் விலை, கும்மிடிப்பூண்டி. உள்ளே வந்த வேகத்திலேயே வெளியே போயிருந்தார்.

ஆவணியில் யேசுதாஸ் ஆபீசுக்கு வந்தார். மாடிப்படியில் பாதியில் உட்கார்ந்துவிட்டார். டயர் கடைப் பையன் மேலே வந்து, உன்னை யாரோ கேட்கிறார்கள் என்றான். சத்யா இறங்கிப் போனாள்.

"பொண்ணு கல்யாணம் முடிஞ்சிச்சி" என்றார், மூச்சை இழுத்துவிட்டு. "சொல்லணும்னு நெனச்சேன். அவசரத்துல ஆச்சி."

"நல்லது மாமா."

"அந்த நோய்க்கு ஒரு பேரு சொன்னியே. அது இன்னா பேரு? டாக்டராண்ட சொல்லலாம்னு பாத்தேன், வாயில வரல."

சத்யா அவருக்குப் பக்கத்தில் படியில் உட்கார்ந்து சொன்னாள். அவர் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "மிசோ... மெசாதி..." இரண்டாவது தடவையும் வரவில்லை. அவள் மறுபடி சொன்னாள். அப்புறம், "வாணாம் மாமா, நானே கூட வர்றேன்" என்றாள்.

சென்னைக்கு அவரையும் கூட்டிப்போனாள். அதே டாக்டர் அவளை அடையாளம் கண்டுகொண்டார். சோதனையெல்லாம் முன்போலவே நடந்தது, முன்போலவே முடிந்தது. யேசுதாஸ் கிறிஸ்துமஸ் பார்க்கவில்லை.

அதற்கு முன்பே, ஐப்பசியில், இலவச இடம் கொடுத்துவந்த தளத்தை அந்த நிறுவனம் முழுவதுமாக மூடிவிட்டது. எடுத்து வைத்துக்கொள்ளச் சொல்லி முன்கூட்டியே அறிவிப்பு வந்திருந்தது. அந்தச் சமயத்தில் சத்யா ஆஸ்பத்திரிக்கும் கும்மிடிப்பூண்டிக்கும் அலைந்துகொண்டிருந்தாள். பக்கம் போய்விட்டது. திரும்ப எழுதலாம் என்று பர்ஹானா சொன்னாள். சத்யா எழுதவில்லை. வருடக் கடைசியில் டெக்ஸாஸ்காரன் வேறு ஊரில் மலிவாக ஆள் பிடித்துவிட்டான். அர்ஷத் கம்ப்யூட்டர்களை விற்றுவிட்டு, வேண்டாமென்று விட்டுவந்த நண்டு வியாபாரத்துக்கே போனார். பர்ஹானாவுக்கு வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள்.

எளாவூரில் இருக்க சம்பூர்ணத்துக்கும் பிடிக்கவில்லை. அவளுடைய தம்பி வரதன் மணவாள நகரில் இருந்தான். அவன் வீட்டுக்குப் பக்கத்தில் அம்மாவும் பெண்ணும் ஓர் அறை எடுத்துக்கொண்டார்கள். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து செல்போன் கம்பெனிகளின் பஸ்கள் விடியற்காலையில் அந்த வழியாகத்தான் பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். ஒரு கம்பெனியில் ஆள் எடுப்பதாகச் சொல்லி வரதன் சத்யாவை அனுப்பினான்.

இண்டர்வியூ எடுத்த பெண் சத்யாவின் சான்றிதழைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கம்ப்யூட்டர் படிச்சிருக்கீங்க. இதுக்கு முன்னாடி மூணு வருஷம் எங்கயோ இருந்திருக்கீங்க. அங்க என்ன வேலை?"

சத்யா கொஞ்சம் யோசித்தாள்.

"டைப்பிங் மேடம்" என்றாள்.

திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்.